விருந்தினர் விடுதியில் வெந்த மாடு

ஓய்வு பெற்றோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் வீடு தேடி வந்துவிட்டார். போன வருடத்து மலரை நான் பார்த்திருக்கிறேன். பாதி சுரங்கம், பாதி பேரன் பேத்தி. ராட்சத இயந்திரம் ஒன்று நடுச்சுரங்கத்தில் நின்றுபோனதைப் பற்றி ஒருவர் ஏழு பக்கம் எழுதியிருந்தார். நான் வேலை பார்த்தது அடுப்படியில். எங்களிடம் இருந்த ஒரே இயந்திரம் கிரைண்டர். அது நின்றால் கையால் அரைத்தோம், அவ்வளவுதான்.

"சமையல் அனுபவம் எழுதுங்க ஏழுமல. ஆனா பொதுவா எழுதுங்க. சர்ச்ச எதுவும் வேணாம்" என்றார்.

"மாட்டுக்கறி சர்ச்சைங்களா?"

அவர் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பையன் வூட்டுக்கு வெளிநாடு போனா நானே சாப்புடறதுதான். அங்க வேற. இங்க மலர்ல போட்டா நல்லாருக்காது."

ஆகவே மாட்டுக்கறியைப் பற்றியே எழுதுகிறேன். வெட்ட வேண்டுமென்றால் அவர் வெட்டிக்கொள்ளட்டும். வெட்டுப்படுவது அந்தப் பிராணிக்குப் புதிதில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் நெய்வேலியில் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறையில் இருந்தேன். இயந்திரம் பூட்டவும் கொதிகலன் பார்க்கவும் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து தங்குவார்கள். நான் பூகோளம் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, அவர்கள் தட்டில்தான். ரஷ்யாக்காரருக்கு மாட்டு எலும்பைப் பீட்ரூட்டோடு வேகவைத்த சூப் வேண்டும். கொரியாக்காரர் கறியைக் காகிதம் மாதிரி சீவி மேஜையிலேயே வாட்டித் தின்பார். அரபு நாட்டிலிருந்து வந்தவர், யார் அறுத்தது, எப்படி அறுத்தது என்று விசாரித்துவிட்டுத்தான் உட்கார்வார். ஜெர்மன்காரருக்கு உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர், மாடு இல்லாத ஞாயிற்றுக்கிழமை தங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்றார். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

நம் அதிகாரிகள் தனி ரகம். ஒருவர் கேரள எல்லையைத் தாண்டினால் மட்டும் தின்பார். இன்னொருவர் 'மாட்டுக்கறி' என்றால் முகத்தைச் சுளிப்பார், 'பீஃப்' என்றால் தட்டை நீட்டுவார். விமானத்தில் மட்டும் தின்கிறவர் ஒருவர் உண்டு. தரையைத் தொடாததால் தோஷமில்லை என்பது அவர் கட்சி. மாடு என்னவோ ஒன்றுதான். இவர்கள் நிற்கிற இடத்துக்குத் தகுந்தாற்போல அது ஒருநாள் பாவம், மறுநாள் புரதச்சத்து. இப்போது டவுன்ஷிப்பை விட்டு வெளியே போனால் ரோட்டோரத்திலேயே பீஃப் பிரியாணி போர்டு மின்னுகிறது. நான் சொல்லப்போவது போர்டு இல்லாத காலத்துச் சங்கதி.

எனக்குச் சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பத்தைத் தாண்டி உள்ளே. அப்பா ஊரார் முந்திரித் தோப்பில் கூலி. ஒன்பதாவதோடு என் படிப்புக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. கான்ட்ராக்டில் பாத்திரம் கழுவப் போய் இரண்டு வருடம் கழுவினேன், ஒரு வருடம் வெங்காயம் உரித்தேன், நாலாம் வருடம் கரண்டியைத் தொட விட்டார்கள். பயிற்சி என்று சொன்னால் இவ்வளவுதான்.

தொட விட்டவர் சொக்கலிங்கம் மாஸ்டர், தலைமைச் சமையற்காரர், காரைக்குடிப் பக்கம். ஆட்டுக்கறியில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தொடையை விரலால் ஒருமுறை அழுத்திவிட்டு ஆடு எத்தனை மாசத்துக் குட்டி என்று சொல்லுவார். குழம்பைக் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி, கண்ணை மூடி, உறிஞ்சிவிட்டு ஒரே ஒரு குறை சொல்லுவார். அந்தக் குறை நிஜமாகவே இருக்கும்.

மேனேஜர் தணிகாசலம் சார் வடலூர்க்காரர். சபைக்குப் போய்வருகிறவர், கறி முட்டை எதையும் தொடாதவர். அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து தினம் பத்து கிலோ கறி வேகிற இடத்துக்கு மேனேஜர் ஆக்கியது யார் யோசனையோ தெரியாது. காலை ஏழு மணிக்கு டாணென்று ரவுண்ட்ஸ் வருவார். கை துடைக்கிற துண்டை மோந்து பார்ப்பார், எங்கள் நகத்தைத் திருப்பிப் பார்ப்பார், பாத்திரம் கழுவுகிறவனையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். கறி வரும் நேரம் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "இன்னைக்கு எத்தன கிலோ உசுரு வந்துருக்குங்க?" என்று கேட்டுக் கையெழுத்துப் போடுவார். எங்களுக்கு அப்போது சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

அந்த நாளில் நானும் என் மனைவி அஞ்சலையும் ஒரு ஃபிட்டருடைய குவாட்டர்ஸ் பின்புறத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை டவுன்ஷிப்புக்கு வெளியே சைக்கிளில் போய் மாட்டுக்கறி வாங்குவேன். தேக்கிலையில் கட்டி, பேப்பரில் சுற்றி, கூடையில் வைத்து, மேலே முருங்கைக்கீரையைப் பரப்பிக்கொண்டு வருவேன். வாசனையை என்ன செய்வது? அதற்கு அஞ்சலை ஒரு வழி வைத்திருந்தாள். கறி கொதிக்கிற நேரம் பார்த்துப் பக்கத்து அடுப்பில் கருவாட்டை வறுப்பாள். கருவாடு கௌரவமான நாற்றம். அதற்காக யாரும் வீட்டைக் காலி செய்யச் சொன்னதில்லை. ஆக எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு அடுப்பு எரியும். ஒன்று தின்ன, ஒன்று மணக்க.

ஆறு வருடம் கான்ட்ராக்டில் ஓடிய பிறகு உதவிச் சமையற்காரர் வேலைக்கு ஒரே ஒரு பெர்மனென்ட் இடம் வந்தது. போட்டியில் நானும் மாஸ்டரின் மைத்துனனும். அஞ்சலை இரண்டாவது உண்டாகியிருந்தாள். பெர்மனென்ட் ஆனால் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பிரசவம், சொந்தப் பெயரில் குவாட்டர்ஸ். ஆகாவிட்டால் அதே ஒற்றை அறை, அதே கருவாடு.

அந்தச் சமயம் பார்த்து ரூடி என்ற ஜெர்மன் இன்ஜினியர் வந்து தங்கியிருந்தார். நல்ல மனுசன். மூன்று மாதமாகக் கோழியும் மீனுமாகத் தின்று அலுத்துப்போய், வருகிற வெள்ளிக்கிழமை தனக்குப் பிறந்தநாள், அன்றைக்கு ஒருவேளை மாட்டுக்கறி கிடைக்குமா என்று கூச்சத்தோடு கேட்டுவிட்டார். விருந்தாளி கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது விடுதியின் விதி. தணிகாசலம் சார் சமையலறைக்கு வந்து எங்கள் ஐந்து பேரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்.

"இதச் சமைக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் வாய் முந்திக்கொண்டது. "எங்க வூட்ல அதெல்லாம் தொடறதில்லீங்க சார்."

என்னை யாரும் கேட்கவேயில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றவன் கதைதான். பாத்திரம் கழுவுகிறவன்கூடக் குனிந்துகொண்டு சிரித்தான்.

கடைசியில் மாஸ்டரே செய்வதாயிற்று. புதிதாக ஒரு இரும்பு வாணலி வாங்கச் சொன்னார், இடுக்கியால்தான் தொடுவேன் என்றார். டிரைவர் கறி வாங்கி வந்தார். இளம் இன்ஜினியர் ஒருவர் மேல்நாட்டுச் சமையல் புத்தகத்தைப் படித்துச் சொன்னார்: ஒரு பக்கம் நாலு நிமிடம், திருப்பிப் போட்டு நாலு நிமிடம். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து அப்படியே செய்தார்.

புத்தகத்தில் சொன்னது வேறு மாடு. அது தின்பதற்கென்றே வளர்ந்து, தின்றுவிட்டுப் படுத்தே கிடந்த மாடு. நம் ஊரில் கறிக்கு வருவது பத்துப் பதினைந்து வருடம் ஏர் உழுது, முந்திரி மூட்டை வண்டி இழுத்து, கால் ஓய்ந்த பிறகு வருகிற எருது. எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கத்தில் சேர எல்லாத் தகுதியும் உள்ள பிராணி. அதை எட்டு நிமிடத்தில் வழிக்குக் கொண்டுவர முடியுமா? ஆட்டையே கட்டிக்கொண்டு அழுத மாஸ்டருக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

ரூடி மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பல்லில் போட்டிருந்த கேப் கழன்று தட்டில் விழுந்தது. அதைக் கைக்குட்டையில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு, பிறந்தநாளும் அதுவுமாக ரொட்டியில் ஜாம் தடவித் தின்றார். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மனுசன் ஆசைப்பட்டுக் கேட்டதைச் சமைக்கத் தெரிந்தும் தெரியாதவனாக நின்றது எனக்கு அவமானமாக இருந்தது. சமையற்காரனுக்கு அதைவிடக் கேவலம் இல்லை.

வீட்டுக்குப் போய் அஞ்சலையிடம் சொன்னேன்.

"தெரியும்னு சொல்றதுக்கு இன்னா?" என்றாள்.

"மாஸ்டர் மச்சான் லிஸ்ட்டுல கீறான். சொன்னா பெர்மனென்ட் பூடும்."

"போனா போவுது. ஆறு வருசமா கருவாட்டப் பொகய வுட்டுக்கினு கெடக்கறேன். இந்த மாசமெல்லாம் அந்த நாத்தத்துக்கு வாந்திதான் வருது. நாள காலைல போயி சொல்லிட்டு வா. இல்லன்னா ஞாயித்துக்கெழம நீயே வறுத்துக்க."

காலை ஏழு மணி ரவுண்ட்ஸில் தணிகாசலம் சார் என் நகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "சார், அந்தக் கறி எனக்குச் சமைக்கத் தெரியுங்க. வூட்ல வாராவாரம் செய்யறதுதான். அன்னிக்கி பொய் சொல்லிட்டேன்."

"ஏன் சொன்னீங்க?"

"பெர்மனென்ட் லிஸ்ட்டு இருக்குதுங்களே சார்."

அவர் என் கையை விட்டார். "பொய் சொன்னது தப்புங்க. சமைக்கறது உங்க வேல. இன்னைக்கே செய்ங்க" என்றார்.

சிக்கல் பாத்திரத்தில் வந்தது. இரண்டரை மணி நேரம் நின்று வேக அடி கனத்த தேக்சா வேண்டும். அங்கே இருந்தது ஒன்றுதான், மாஸ்டர் ஆட்டுக்கறிக்கு வைத்திருந்தது. அதில் கை வைத்ததும் மாஸ்டர் கரண்டியைக் கீழே போட்டார்.

"என் தேக்சாவுல மாடா? நாளைக்கு அதுல நான் எப்படிச் சமைக்கிறது?"

தணிகாசலம் சார் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே கேட்டார். "நேத்து அதுல என்னங்க வெந்துது?"

"ஆடு."

"அது உசுரு இல்லீங்களா மாஸ்டர்?"

"அது வேற சார்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுங்க. ரெண்டையும் நான் தொடமாட்டேன். நீங்க ஒண்ணத் தொடறீங்க, ஒண்ணத் தொடமாட்டேங்கறீங்க. எது மேல, எது கீழன்னு எங்க சபையில யாரும் எனக்குச் சொல்லித் தரல. தேக்சாவக் குடுங்க."

கறியையே பார்க்காத ஆள் எனக்காகப் பேசிவிட்டார், வாரம் மூன்று நாள் கறி தின்கிற ஆள் பாத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். உலகத்தில் மாட்டைப் பற்றி யார் யாரோ என்னென்னவோ பேசுகிறார்கள். எனக்கு அன்றைக்கே விஷயம் புரிந்துவிட்டது. பிரச்சினை மாடு இல்லை.

செய்முறையைக் கேட்டால் பெரிய ரகசியம் கிடையாது. சப்பைக்கறியும் கொஞ்சம் கொழுப்பும் கலந்து வாங்க வேண்டும். நரம்பு ஓடுகிற போக்குக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். நீளவாக்கில் வெட்டினால் கயிறு. மஞ்சளும் கல்லுப்பும் பிசறி அரைமணி ஊறவிட்டு, நிலக்கரி உருண்டை அடுப்பில் தணிந்த சூட்டில் ஏற்றி, கைப்பிடி சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, ஒரு துண்டு கொட்டாங்குச்சி. கொட்டாங்குச்சி எதற்கு என்று கேட்காதீர்கள். அம்மா போட்டார், அஞ்சலை போடுகிறாள், கறி வேகிறது. மல்லியும் சோம்பும் பாதியில். மிளகு கடைசியில். நடுவில் அவசரப்பட்டுக் கிளறக் கூடாது. ரூடிக்காக மிளகாயை மட்டும் பாதியாகக் குறைத்தேன், தேங்காய்ப் பல் போட்டுச் சுண்ட விட்டேன்.

ரூடி இந்த முறை கத்தியை எடுக்கவில்லை. கரண்டியின் விளிம்பிலேயே கறி பிரிந்தது. இரண்டாம் தடவை வாங்கினார், மூன்றாம் தடவை தட்டை ரொட்டியால் துடைத்தார். அப்புறம் சமைத்தவரைக் கூப்பிடச் சொன்னார். போனால் டைனிங் ஹாலில் தணிகாசலம் சார், நாலு அதிகாரிகள், கதவோரம் மாஸ்டர். ரூடி எழுந்து நின்று என் கையைக் குலுக்கி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். இளம் இன்ஜினியர் தயங்கினார். பிறகு தமிழில் சொன்னார். "உங்க வீட்டுல இதச் சாப்பிடுவீங்களான்னு கேக்கறார்."

ஹாலே என் வாயைப் பார்த்தது.

"ஞாயித்துக்கெழம தவறாதுங்க" என்றேன். "அவர ஒருநாளு வூட்டுக்கு வரச் சொல்லுங்க. என் வூட்டுக்காரி இதவிட நல்லா செய்வா."

சொன்னபோது பெருமையாக இருந்தது. அடுத்த ஒரு மாதம் அந்தப் பெருமைக்கு வட்டி கட்டினேன். மாஸ்டர் என் கையால் டீ வாங்குவதை நிறுத்தினார். நான் அரைத்த மசாலாவைத் தள்ளிவைத்துவிட்டு வேறொருவனை அரைக்கச் சொன்னார். தேக்சாவைப் புளி போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார், கடைசியில் மூலையில் கவிழ்த்துவிட்டார். என் காதில் விழும்படி வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பிறகு பெர்மனென்ட் இடத்துக்கான சமையல் தேர்வு வந்தது. ஆளுக்கொரு சாம்பார், ஒரு ஆட்டுக்கறிக் குழம்பு. சாம்பாருக்கு மார்க் தணிகாசலம் சார் போடுவார், கறிக்கு மாஸ்டர், இரண்டையும் ருசித்து ஒப்பம் போட பர்சனல் ஆபீசர். மாஸ்டர் மார்க் விழாவிட்டால் நான் தேறமுடியாது. விதி அப்படி.

சாம்பார் முடிந்தது. மாஸ்டர் தன் மைத்துனனின் குழம்பை உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினார், ஒரு துண்டு கறியும் கேட்டு வாங்கித் தின்றார், மார்க் போட்டார். அடுத்து என் கிண்ணம். அதை ஒரு விரலால் அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு வயிறு சரியில்ல சார்."

பர்சனல் ஆபீசர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தார். கையில் கரண்டி இருந்தது. அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்றெல்லாம் தோன்றியது. அஞ்சலைக்கு அன்றைக்கு ஏழாம் மாதம்.

தணிகாசலம் சார் ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவி மாஸ்டர் முன்னால் வைத்தார். மேலே தன் பேனாவை வைத்தார். குரல் வழக்கம்போலத் தணிவாகத்தான் இருந்தது.

"காரணத்த எழுதிக் குடுங்க மாஸ்டர். வயிறு சரியில்லன்னா முன்னாடி போட்ட மார்க்கும் செல்லாது, ரெண்டு பேருக்கும் இன்னொரு நாளு வெப்போம், வேற மாஸ்டர வரவெப்போம். வேற காரணம்னா அதையும் எழுதுங்க. நீங்க எழுதறத ஒரு எழுத்து மாத்தாம மேல அனுப்பி வெக்கறேன்."

மாஸ்டர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். தாளின் மேலே 'ஐயா' என்று எழுதினார், பக்கத்தில் ஒரு கமா போட்டார். அதற்குக் கீழே பேனா போகவில்லை. ஒரு மாதமாகச் சமையலறையில் சத்தமாகப் பேசியதையெல்லாம் எழுத அங்கே தாராளமாக இடம் இருந்தது. அவர் கை மட்டும் நகரவில்லை. மின்விசிறியில் தாள் படபடத்தது. தணிகாசலம் சார் அது பறக்காமல் ஓரத்தை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மாஸ்டர் பேனாவை மூடி வைத்தார். என் கிண்ணத்தை இழுத்தார். உள்ளங்கையில் ஊற்றி, பழக்கதோஷத்தில் கண்ணை மூடி, உறிஞ்சினார். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்.

பத்துக்கு எட்டு போட்டார். மைத்துனனுக்கு ஏழு போட்டிருந்தார். எழுந்து போனார். பெர்மனென்ட் இடம் எனக்கே வந்தது.

எல்லோரும் போன பிறகு நானும் உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தேன். உப்பு கம்மிதான், சரியாக ஒரு கல். அந்த நாக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதில் போன குழம்பு யார் கையால் வந்தது என்று அது கேட்கவுமில்லை. அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. அந்த நாக்கை மட்டும் மன்னித்தேன்.